அடிக்குறிப்புக்கு ஒரு குறுக்கு விசாரணை



சட்ட ஆய்வெழுத்தில் நூல்களையும் கட்டுரைகளையும் எப்படிச் சான்று காட்டுவது? இதுதான் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்த வழக்கறிஞர் நண்பர் ஒருவர், "அடிக்குறிப்பைப் பற்றிப் பேச என்ன சார் இருக்கிறது? காற்புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே, அவ்வளவுதானே?" என்று கேட்டார். இந்த அரங்கில் பாதிப் பேருக்கும் அந்த நினைப்பு இருக்கும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு, தூக்கக் கலக்கத்தோடு ஒட்டவைக்கும் சமாச்சாரம்தான் அடிக்குறிப்பு என்று நினைத்திருப்பீர்கள். அந்த நினைப்பைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். காற்புள்ளியைப் பற்றியும் பேசுவேன். ஆனால் அதற்கு உரிய இடத்தில், உரிய அளவில்.

முதலில் ஒரு கதை. நடந்த கதை.

1965ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறை. ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீட்ரிச் கான்ராட் என்ற அறிஞர் உரையாற்றுகிறார். அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா, இல்லையா என்பது பொருள். கேட்டுக்கொண்டிருப்பவர்களை உலுக்குவதற்கென்றே சில கேள்விகளைத் தொடுக்கிறார். மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை கையில் இருக்கிறது என்பதற்காக, முதலாவது உறுப்பைத் திருத்தி இந்தியாவைத் தமிழ்நாடு என்றும் இந்துஸ்தான் என்றும் இரண்டாகப் பிரித்துவிட முடியுமா? உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பாக இருக்கும் 21ஆவது உறுப்பையே தூக்கிவிட முடியுமா? முகலாயப் பேரரசரின் ஆட்சியையோ இங்கிலாந்து முடியாட்சியையோ திருத்தத்தின் மூலமே திரும்பக் கொண்டுவர முடியுமா? அதே வாரங்களில்தான் நம் மாநிலம் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் காசியில் ஒரு ஜெர்மானியர் தமிழ்நாட்டை உதாரணமாகக் காட்டுகிறார்!

அந்த உரை மூத்த வழக்கறிஞர் எம்.கே. நம்பியாரின் கைக்கு வந்தது. 1967இல் தீர்ப்பான கோலக்நாத் வழக்கில் அவர் அதை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். நீதிமன்றம் அப்போது அந்த வழியில் போகவில்லை. ஆனால் கான்ராட் அதோடு விடவில்லை. தம் கருத்தை விரித்துக் கட்டுரையாக எழுதினார். அது எங்கே அச்சானது தெரியுமா? நம் சென்னையில். 'இந்தியன் இயர் புக் ஆஃப் இன்டர்நேஷனல் அஃபேர்ஸ்' என்ற ஆண்டு மலரில், 1966-67ஆம் ஆண்டுக்கான தொகுதியில். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் ஏழுக்கு ஆறு என்று பிரிந்து தீர்ப்புச் சொன்னபோது, அந்த ஏழாவது குரலாக நின்ற நீதிபதி எச்.ஆர். கன்னா, கான்ராடின் இந்தக் கட்டுரையை ஆசிரியர் பெயரோடும் ஆண்டு மலரின் பெயரோடும் எடுத்துக்காட்டினார். அரசியலமைப்பின் அடிப்படையைத் திருத்தத்தாலும் மாற்ற முடியாது என்ற அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு பிறந்தது. அரசியலமைப்பைக் கற்கும் எவரும் அதைத் தொடாமல் நகர முடியாது.

இப்போது கேட்கிறேன். நீதிபதி கன்னா, "ஒரு ஜெர்மன் அறிஞர் இப்படிச் சொல்லியிருக்கிறார்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால்? யார் அந்த அறிஞர்? எங்கே சொன்னார்? என்ன சூழலில் சொன்னார்? நீதிபதி எடுத்தது முழுக் கருத்தா, பாதிக் கருத்தா? எதையும் நாம் சோதித்திருக்க முடியாது. பெயரும் மலரும் ஆண்டும் தந்ததால்தான், அரை நூற்றாண்டு கழிந்தும் ஒரு மாணவி நூலகத்தில் அந்தத் தொகுதியை எடுத்து, கான்ராட் சொன்னதையும் கன்னா சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. நீதிபதி சரியாகத்தான் எடுத்தாண்டாரா என்று நீதிபதியையே விசாரிக்க முடிகிறது! அந்த உரிமையை அவளுக்குக் கொடுத்தது எது? ஒரு மேற்கோள் குறிப்பு.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இந்தக் கதையை இன்று எழுதும் மாணவர்கள் பலர் அடிக்குறிப்பில் என்ன போடுகிறார்கள்? "கான்ராட், காசிப் பல்கலைக்கழக உரை, 1965." அந்த உரையின் பிரதியைப் பார்த்தீர்களா? இல்லை. கையில் எடுத்தீர்களா? இல்லை. பின்னே எப்படித் தெரியும்? ஏ.ஜி. நூரானி 2001இல் 'ஃப்ரண்ட்லைன்' இதழில் எழுதிய கட்டுரையில் படித்தது. அல்லது அதைப் படித்த ஒருவர் எழுதியதில் படித்தது. அப்படியானால் அதைத்தானே எழுத வேண்டும்? "கான்ராடின் 1965 உரை, நூரானியின் கட்டுரையில் எடுத்துக்காட்டியபடி" என்று எழுதினால் உங்கள் மானம் போய்விடுமா? போகாது. அதற்குப் பதிலாக, பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டால், நூரானி ஒரு தேதியைத் தவறாக எழுதியிருந்தாலும் அந்தத் தவறு உங்கள் பெயரில் பதிவாகிவிடும். அவர் பொறுக்கியெடுத்த வரிகள்தான் மொத்த உரையும் என்று நீங்கள் சாட்சி சொன்னதாக ஆகிவிடும்.

சாட்சி என்றேன். வேண்டுமென்றுதான் சொன்னேன். இங்கே இருப்பவர்கள் சட்டம் படிப்பவர்கள். சாட்சியச் சட்டத்தின் 60ஆவது பிரிவு என்ன சொல்லிற்று? வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும். பார்த்ததென்றால் பார்த்தவன் வந்து சொல்ல வேண்டும். கேட்டதென்றால் கேட்டவன் வந்து சொல்ல வேண்டும். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் அது 55ஆவது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. எண் மாறியது, நெறி மாறவில்லை. அந்தப் பிரிவுக்குள்ளேயே நூல்களைப் பற்றி ஒரு காப்புரை இருப்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறீர்கள்? வழக்கமாக விற்பனைக்குக் கிடைக்கும் ஒரு நூலில் வல்லுநர் எழுதிய கருத்தை, அவர் இறந்துவிட்டாலோ, அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, அவரை வரவழைப்பது அளவுக்கு மீறிய செலவோ தாமதமோ ஆகும் என்றாலோ, நூலையே நீதிமன்றத்தில் கொண்டுவந்து காட்டி மெய்ப்பிக்கலாம். கவனியுங்கள்: நூலைப் பற்றி யாரோ சொன்னதைக் கொண்டு அல்ல, நூலையே கொண்டுவந்து! 1872இல் எழுதிய சாட்சியச் சட்டமே நூலை ஒரு சாட்சியாகக் கூண்டில் ஏற்றியது. நாமோ 2020களில் உட்கார்ந்துகொண்டு, கேள்விப்பட்ட நூலை அடிக்குறிப்பில் சத்தியப் பிரமாணம் எடுக்க வைக்கிறோம்.

சரி, நூலைப் பார்த்தாகிவிட்டது. போதுமா? போதாது. எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள்?

சட்ட நூல்களில் பதிப்பு எண் என்பது அலங்காரம் அல்ல. எச்.எம். சீர்வையின் 'இந்திய அரசியலமைப்புச் சட்டம்' என்ற பெருநூலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பு 1967இல் வந்தது. கேசவானந்த பாரதி வழக்கில் கேரள அரசின் பக்கம் நின்று, திருத்த அதிகாரத்துக்கு எல்லை இல்லை என்று வாதாடியவர் சீர்வை. நெருக்கடி நிலைக் காலத்தையும் அதையொட்டி வந்த தீர்ப்புகளையும் பார்த்தபின், பின்னால் வந்த பதிப்பில் அதே சீர்வை தம் நிலையை மாற்றிக்கொண்டு அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டை ஏற்றார். எவ்வளவு பெரிய மனம் வேண்டும் அதற்கு! அது இருக்கட்டும். நீங்கள் பதிப்பு எண் போடாமல் "சீர்வை கூறுகிறார்" என்று எழுதினால், எந்தச் சீர்வை? கோட்பாட்டை எதிர்த்த சீர்வையா, ஏற்ற சீர்வையா? ஒரே ஆசிரியர், ஒரே தலைப்பு, ஆனால் நேர் எதிரான இரண்டு கருத்து. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்தப் பதிப்பு எண் ஒன்றுதான்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். முல்லாவின் 'இந்து சட்டம்'. நம் நீதிமன்றங்களில் அந்தப் பெயர் ஒலிக்காத வாரம் இல்லை. தின்ஷா முல்லா மறைந்தது 1934இல். இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956இல். மகள்களுக்குப் பிறப்பால் கூட்டுப் பங்குரிமை தந்த திருத்தம் வந்தது 2005இல். ஆனால் "2005ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பற்றி முல்லா கூறுவது யாதெனில்" என்று தொடங்கும் ஆய்வுக் கட்டுரைகளைப் பார்க்கத்தான் செய்கிறோம். எழுபத்தோரு ஆண்டு கழித்து எங்கிருந்து கூறினார் முல்லா? அதைச் சொன்னவர் அந்தப் பதிப்பைத் திருத்திய பதிப்பாசிரியர். அவர் பெயரும் முகப்புப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைப் போடாமல் விடும்போது இரண்டு பேருக்கும் அநீதி செய்கிறோம். சொல்லாததைச் சொன்னதாக முல்லாவின் மேல் ஏற்றுகிறோம். சொன்னவருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் விடுகிறோம். 1878இல் சென்னை ஹிக்கின்பாதம்ஸ் முதலில் வெளியிட்ட மேய்னின் இந்து சட்ட நூலுக்கும் இதே கதைதான். பல கைகள் பட்டு வளர்ந்த நூல் அது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. எச்.எல்.ஏ. ஹார்ட்டின் 'தி கான்செப்ட் ஆஃப் லா'. சட்டத் தத்துவம் படிக்கும் யாரும் தப்ப முடியாத நூல். முதல் பதிப்பு 1961. ஹார்ட் 1992இல் மறைந்தார். அவர் எழுதிவைத்திருந்த பின்னுரையைச் சேர்த்து இரண்டாம் பதிப்பு 1994இல் வந்தது. ரொனால்ட் டுவார்க்கின் எழுப்பிய விமர்சனங்களுக்கு ஹார்ட் தந்த பதில் இருப்பது அந்தப் பின்னுரையில்தான். முதல் பதிப்பில் அது கிடையாது, இருக்கவும் முடியாது. ஏனென்றால் 1961இல் டுவார்க்கின் அந்த விமர்சனத்தை எழுதவே இல்லை! டுவார்க்கினுக்கு ஹார்ட்டின் பதில் என்று எழுதி, அடிக்குறிப்பில் 1961 என்று போட்டால், உங்கள் தேர்வாளருக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். நூலை நீங்கள் தொடவில்லை என்று நீங்களே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

ஆகவே, பார்த்த நூல், பார்த்த பதிப்பு, பார்த்த பக்கம். இந்த மூன்றும் உண்மையாக இருந்துவிட்டால், மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம் என்பது என் கட்சி.

அந்த இரண்டாம்பட்சத்துக்கு இப்போது வருவோம். வழக்கறிஞர் நண்பர் கேட்ட காற்புள்ளிக்கு வருவோம்.

உலகத்தில் சட்ட மேற்கோளுக்கு ஒரே முறை கிடையாது. அமெரிக்காவில் 'புளூபுக்' என்று ஒன்று. ஹார்வர்ட், யேல், கொலம்பியா, பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களின் சட்ட இதழ் மாணவர்கள் சேர்ந்து வெளியிடுவது. 1926இல் முதல் பதிப்பு வந்தபோது வெறும் 26 பக்கம். பின்னாளில் ஐந்நூறு பக்கத்தையும் தாண்டிவிட்டது. மாணவர்கள் கையில் அதிகாரம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்! ரிச்சர்ட் போஸ்னர் என்ற புகழ்பெற்ற அமெரிக்க நீதிபதி 1986இலேயே இந்தப் புத்தகத்துக்கு விடைகொடுக்கச் சொல்லிக் கட்டுரை எழுதினார். கால் நூற்றாண்டு கழித்து, 2011இல், மறுபடியும் எழுதினார். இரண்டாவது கட்டுரை வெளியானது எதில்? 'யேல் லா ஜர்னல்' இதழில். புளூபுக்கின் பங்காளி இதழிலேயே! அவர் புலம்பிய புலம்பலும் புளூபுக் விதிப்படிதான் அச்சேறியிருக்கும்.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் பர்க்ஸ் முன்னின்று உருவாக்கிய 'ஓஸ்கோலா' முறை. புள்ளிகளை முடிந்தவரை உதிர்த்துவிட்ட முறை அது. சுருக்கெழுத்துகளுக்கு நடுவில் புள்ளியே வராது. நம் நாட்டில் இந்தியச் சட்டக் கழகத்தின் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு சட்டப் பல்கலைக்கழகமும், ஒவ்வொரு இதழும் தன் பங்குக்கு ஒன்று வைத்திருக்கும். எது சிறந்தது? இந்தக் கேள்விக்கு விடையாக ஓர் உதாரணத்தைப் பிரித்துக் காட்டுகிறேன்.

சாமுவேல் வாரனும் லூயி பிராண்டைஸும் அந்தரங்க உரிமையைப் பற்றி 1890இல் எழுதிய கட்டுரை. 2017இல் புட்டசாமி வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது, 127 வயதான அந்தக் கட்டுரை அங்கே பேசப்பட்டது. அதைப் புளூபுக் முறையில் எழுதினால்: ஆசிரியர்கள் பெயர், கட்டுரைத் தலைப்பு, பிறகு "4 ஹார்வர்ட் லா ரெவ்யூ 193 (1890)". நான்கு என்பது தொகுதி. 193 என்பது கட்டுரை தொடங்கும் பக்கம். ஆண்டு கடைசியில், வளைவு அடைப்புக்குள். அதையே ஓஸ்கோலாவில் எழுதினால்: "(1890) 4 ஹார்வர்ட் லா ரெவ்யூ 193". ஆண்டு முன்னால் வந்துவிட்டது. வேறென்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை. அதே தொகுதி, அதே இதழ், அதே பக்கம். எந்த முறையை வைத்துக்கொண்டு போனாலும் நூலகத்தில் ஒரே அலமாரியின் முன்னால்தான் போய் நிற்பீர்கள். இதுதான் நான் சொல்ல வந்தது. உங்கள் இதழ் எந்த முறையைக் கேட்கிறதோ அதைப் போடுங்கள், தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றையே போடுங்கள், அதற்கு மேல் சண்டை போடாதீர்கள்.

அதற்காகக் குறிகளையெல்லாம் அலட்சியம் செய்யலாமா? கூடாது. சில குறிகள் வேலை செய்கின்றன. ஓஸ்கோலாவில் ஆண்டு வளைவு அடைப்பில் வந்தால் அந்த இதழுக்குத் தனியாகத் தொகுதி எண் உண்டு என்று பொருள். சதுர அடைப்பில் வந்தால், அந்த ஆண்டைக் கொண்டுதான் தொகுதியையே தேட வேண்டும். அடைப்புக்குறியை மாற்றிப் போட்டால் தேடுபவர் இல்லாத எண்ணைத் தேடி அலைவார்.

இன்னொன்று. மதுரா பாலியல் வன்கொடுமை வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைக் கண்டித்து, 1979இல் உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். நாடு முழுதும் பெண்கள் அமைப்புகள் கிளர்ந்தெழ அந்த மடல் பெரும் காரணம். 1983இல் பாலியல் வன்கொடுமைச் சட்டம் திருத்தப்பட்டது. அந்த மடல் அச்சான இடம்: "(1979) 4 எஸ்சிசி (ஜர்) 17". நடுவில் அடைப்புக்குள் ஒரு சின்ன 'ஜர்' இருக்கிறது பாருங்கள், அது ஜர்னல் பகுதி. எஸ்சிசி என்ற அந்தத் தீர்ப்புத் திரட்டில் கட்டுரைகளுக்கென்று தனிப் பக்க எண் ஓடும். அந்த ஓர் அசையை விட்டுவிட்டு "(1979) 4 எஸ்சிசி 17" என்று எழுதினால்? வாசகர் ஏதோ ஒரு தீர்ப்பின் நடுவே போய் விழுவார். ஒரு நாட்டின் சட்டத்தை அசைத்த மடல் அவர் கண்ணில் படாது. குறி தேவையா என்று கேட்டால், வாசகரை வழி மாற்றும் குறி எல்லாம் தேவை. மாற்றாத குறி எல்லாம் மரபு. இந்த வேறுபாடு தெரிந்தால் பாதிப் படபடப்புப் போய்விடும்.

நம் ஊர்ப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. மேல்நாட்டு முறைகள் நூற்பட்டியலில் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கின்றன. நமக்கு ஏது குடும்பப் பெயர்? தலைப்பெழுத்து இருக்கிறது, அது அப்பாவின் பெயர். நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயரை நூற்பட்டியல் மென்பொருளில் ஏற்றினால், அது அவரைப் பிடித்து "ஐயர்" என்ற தலைப்பின் கீழ் உட்கார வைக்கிறது. தாம் எழுதிய தீர்ப்புகளால் பெயர் பெற்ற மனிதரைச் சாதிப் பெயரில் அகர வரிசைப்படுத்துகிறோம்! தந்தை பெயரை விரித்துக் கடவுச்சீட்டில் எழுதிய தமிழ்ப் பெண் ஆய்வாளருக்கு இன்னும் மோசம். கட்டுரை எழுதியவர் மகள், பட்டியலில் பெயர் வாங்குபவர் அப்பா. என்ன செய்வது? அடிக்குறிப்பில் முகப்புப் பக்கத்தில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். பட்டியலில் இயற்பெயரை முன்னிறுத்தித் தலைப்பெழுத்தைப் பின்னால் போடுங்கள். பெண்கள் நீதிமன்றம் ஏறிய வழக்குகளைப் பற்றி நீதிபதி கே. சந்துரு எழுதிய ஆங்கில நூலை "சந்துரு கே" என்று பட்டியலிட்டால் எந்த முறையும் உடைந்துவிடாது. மென்பொருள் கேட்கும் கட்டத்தில் எதையாவது நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால், எதை நிரப்புவது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும், அது அல்ல.

அடுத்து, 'மேலது'. ஆங்கிலத்தில் 'ஐபிட்' என்று போடுவோமே, அது. ஓர் ஆய்வேட்டில் நடப்பதை அப்படியே சொல்கிறேன். 41ஆம் அடிக்குறிப்பில் பக்ஷியின் கட்டுரை. 42இல் "மேலது, ப. 112". எல்லாம் சரி. நெறியாளர் படித்துவிட்டு, "இந்த இடத்தில் அரசியல் நிர்ணய சபை விவாதத்தையும் சேருங்கள்" என்கிறார். மாணவர் நடுவில் ஒரு குறிப்பைச் செருகுகிறார். கணினி எண்ணையெல்லாம் அழகாகத் தானே மாற்றிக்கொள்கிறது. 'மேலது' மட்டும் அங்கேயே நிற்கிறது. இப்போது "மேலது" என்றால் யார்? பக்ஷி அல்ல, அரசியல் நிர்ணய சபை! பக்ஷி 1980களில் எழுதிய கருத்தை 1948இல் சபையில் யாரோ பேசியதாக ஆய்வேடு சாதிக்கிறது. ஒரு பொய்யும் எழுதாமலே ஒரு பொய் பிறந்துவிட்டது. அதனால் எழுதி முடிக்கும் வரை 'மேலது' என்ற சொல்லையே பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு குறிப்பிலும் ஆசிரியர் பெயரையும் சுருக்கத் தலைப்பையும் முழுதாக வையுங்கள். கடைசி மெய்ப்பில் சுருக்கிக்கொள்ளலாம்.

சான்று காட்டுவது என்றால் பணிந்து போவது என்று சிலர் நினைக்கிறார்கள். பெரிய பெயரைச் சொல்லிவிட்டால் வாதம் முடிந்துவிட்டது என்று ஒரு நம்பிக்கை. இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஒரு காலத்தில் வேடிக்கையான மரபு உண்டு: உயிரோடு இருக்கும் ஆசிரியரின் நூலைச் சான்றாதாரமாகக் காட்டக்கூடாது. செத்தால்தான் மதிப்பு! இருப்பவர் மனத்தை மாற்றிக்கொள்ளலாம் அல்லவா என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. நம் சீர்வை மாற்றிக்கொண்டதைப் பார்த்தோமே. அந்த மரபு மெல்லத் தேய்ந்தது. 1968இல் ஒரு வழக்கில் நீதிபதி மெகாரியின் முன்னால் ஒரு நூலை எடுத்துக்காட்டினார்கள். யாருடைய நூல்? மெகாரியும் வேடும் சேர்ந்து எழுதிய நிலச் சட்ட நூல். அதாவது நீதிபதியின் சொந்த நூல்! அவர் என்ன செய்தார்? நீதிபதி எழுதியது என்பதற்காக ஒரு நூலுக்குக் கூடுதல் அதிகாரமும் இல்லை, குறைந்த அதிகாரமும் இல்லை என்று சொல்லிவிட்டு, இருதரப்பு வாதத்தில் புடம்போட்ட சட்டத்தைத்தான் பெரிதாக மதித்தார். தம் நூலுக்கே தலைவணங்க மறுத்த அந்த நீதிபதியைப் பார்த்த பிறகும், யாரோ எழுதிய நூலின் பெயரைச் சொல்லிவிட்டு நாம் வாதத்தை நிறுத்திக்கொள்ளலாமா? ஆசிரியர் என்ன காரணம் சொன்னார் என்று ஒரு வரியாவது எழுதுங்கள். பெயர் மட்டும் போதாது.

பெயர்களைக் குவிப்பதும் வேண்டாம். அமெரிக்காவில் 1980களில் பங்குச் சந்தைச் சட்டத்தின் ஒரே ஒரு பிரிவைப் பற்றி வந்த கட்டுரையில் 4,824 அடிக்குறிப்புகள். கின்னஸ் சாதனை போல அதைச் சொல்வார்கள். கட்டுரையின் வாதம் என்ன என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நம் ஊரில் குவியலுக்கு வேறு காரணம் இருக்கிறது: பயம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வந்த பிறகு ஒப்புமை விழுக்காடு என்றாலே மாணவர்களுக்கு உதறல். பத்து விழுக்காடு வரை தண்டனை இல்லை. நாற்பது வரை திருத்திக் கொடுக்கலாம். அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. இதில் பலர் படிக்காமல் விடும் வரி ஒன்று இருக்கிறது. முறையாக ஆசிரியர் பெயர் சொல்லி மேற்கோளில் எடுத்தாண்டதை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. சட்ட வாசகங்களையும் சேர்க்கக்கூடாது. அப்படியிருக்க, 21ஆவது உறுப்பின் வாசகத்தையே சொல் மாற்றி எழுதி வைக்கிறார்கள், ஒப்புமை பார்க்கும் மென்பொருளுக்குப் பயந்து! அரசியலமைப்பைச் சொந்த நடையில் எழுத நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? எடுத்ததை எடுத்தபடி மேற்கோள் குறிக்குள் வையுங்கள், எங்கிருந்து என்று சொல்லுங்கள். அது திருட்டு ஆகாது. சொல்லை மாற்றி, கருத்தை அப்படியே தூக்கி, பெயரை மறைத்தால் மென்பொருள் பூஜ்யம் காட்டினாலும் அது திருட்டுத்தான்.

கடைசியாக, இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கும் சங்கதி. செயற்கை நுண்ணறிவு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் போலிக் காணொளிகளைத் தடுக்கும் சட்டத்தை எதிர்த்து ஒரு வழக்கு. செயற்கை நுண்ணறிவு பரப்பும் பொய்களைப் பற்றி ஒரு வல்லுநர் வாக்குமூலம் தாக்கல் செய்தார். அதில் சான்று காட்டிய ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டு உலகத்திலேயே இல்லாதவை. அவற்றை உண்டாக்கியது எது? செயற்கை நுண்ணறிவு! 2025 ஜனவரியில் நீதிபதி அந்த வாக்குமூலத்தையே தள்ளிவிட்டார். இல்லாத கட்டுரைக்கும் அது அழகான தலைப்பு வைக்கும், இதழின் பெயர் போடும், தொகுதி எண் போடும், அடைப்புக்குறியைக்கூட விதிப்படி போடும். ஒரு வகையில் நல்லதுதான். குறிகள் சரியாக இருந்தால் மேற்கோள் சரி என்று நம்பிக்கொண்டிருந்தவர்களின் கண்ணை அது திறந்துவிட்டது. விதியை அதனால் நம்மைவிட நன்றாகப் பின்பற்ற முடியும். நூலகத்துக்குப் போய்ப் பார்க்கத்தான் முடியாது.

இணைய முகவரிகளும் அப்படித்தான். ஹார்வர்ட் சட்டப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்த இணைய முகவரிகளில் பாதி, மேற்கோள் காட்டிய தகவலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்று தெரிந்தது. 'ஹார்வர்ட் லா ரெவ்யூ' உள்ளிட்ட இதழ்களில் எழுபது விழுக்காட்டுக்கும் மேல். நீதிமன்றத் தீர்ப்பிலேயே சாட்சி காணாமல் போகிறான் என்றால் நம் ஆய்வேடு எம்மாத்திரம்? பார்த்த நாளை எழுதுங்கள். பக்கத்தை நிரந்தரமாகப் பாதுகாக்கும் சேவைகளில் ஒரு பிரதி போட்டுவையுங்கள். அச்சுப் பிரதி இருந்தால் அதையே சான்று காட்டுங்கள்.

நேரம் ஆகிவிட்டது, அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு விண்ணப்பத்தோடு விடைபெறுகிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வேட்டைத் திறங்கள். ஏதாவது பத்து அடிக்குறிப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு எடுங்கள். நாளை காலை அந்தப் பத்தையும் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள். ஒவ்வொரு நூலையும் கையில் வாங்கி, பதிப்பைப் பாருங்கள், பக்கத்தைப் புரட்டுங்கள், நீங்கள் எழுதியது அங்கே இருக்கிறதா என்று படியுங்கள். இல்லாததை அடியுங்கள். வேறொருவர் வழியாக வந்ததென்றால் அவர் பெயரைச் சேருங்கள். எந்த நூல் எந்த அலமாரியில் என்று தெரியாவிட்டால், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலகர்களைக் கேளுங்கள். அவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.